‘திறந்த மனதோடு வேதம் வாசியுங்கள்’ என்றால் நடைமுறையில் என்ன செய்வது?

உப்புக்கல் எழுதியது:

ஸ்தோத்திரம். வாரம் ஒரு மணி நேரம் நடக்கும் வேதபாடக் குழுவுக்காக இதைக் கேட்கிறேன். எட்டுப் பேர், வாரம் ஓர் அதிகாரம். எல்லாருமே வேதம் தெரிந்தவர்கள். ஒரு வசனத்தைப் பாதி சொன்னால் மீதியை அவர்களே முடித்துவிடுவார்கள். சிக்கலே அங்கேதான். எதைத் திறந்தாலும் வருகிற பதில் அதே மூன்று: ‘இன்னும் ஜெபிக்கணும்’, ‘விசுவாசத்தில் நிலைக்கணும்’, ‘கர்த்தர் கைவிடமாட்டார்’. லேவியராகமத்துக்கும் இதுதான், கலாத்தியருக்கும் இதுதான்.

‘திறந்த மனதோடு வாசியுங்கள்’ என்ற அறிவுரை பிரசங்கம்தோறும் வருகிறது. எப்படி என்றுதான் யாரும் சொல்வதில்லை. மனதை வெறுமையாக்கிவிட்டு வாசிப்பதா? வருகிற எண்ணமெல்லாம் தேவன் பேசுவதுதானா? கேள்வி கேட்பதே அவிசுவாசம் என்று ஒரு சாரார். கேட்காமல் எப்படிப் படிப்பது என்று இன்னொரு சாரார். ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடிய மாதிரி, படிப்படியாக யாராவது சொன்னால் நல்லது.

---

பெரோயா வாசகர் எழுதியது:

சகோ, வெறுமையான மனதோடு யாராலும் வாசிக்க முடியாது. ஞாயிறு பள்ளிக் கதை, பிரசங்கம், பாட்டு, வீட்டில் கேட்டது எல்லாம் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியேற்றுவது நம் வேலையல்ல. உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும். ஆகவே முதல் படி வேதத்தைத் திறப்பதற்கு முன்பே வருகிறது. ஒரு துண்டுத் தாளில் இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள்: ‘இந்தப் பகுதி என்ன சொல்கிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்?’ எழுதி, மடித்து, ஓரமாக வைத்துவிடுங்கள்.

தெரிந்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். யோனா நல்ல தேர்வு: நினிவே நகரத்துக்குப் போ என்று தேவன் அனுப்பிய தீர்க்கதரிசி, கப்பலேறி வேறு பக்கம் ஓடி, மீன் வயிற்றுக்குள் போய்த் திரும்பி வந்த கதை. 4 அதிகாரம், 48 வசனம். வாய்விட்டு நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிடத்துக்குமேல் ஆகாது. துண்டுத் தாளில் பெரும்பாலும் வருவது ‘மீன்’, ‘கீழ்ப்படியாவிட்டால் தண்டனை’. இனி முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள், அதிகார எண்ணில் நிற்காமல். (அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்கள் 1551இல் வந்தவை. இரண்டும் பக்கத்தைக் கண்டுபிடிக்க உதவும். எங்கே மூச்சு விடவேண்டும் என்பதை அவற்றிடம் கேட்கக் கூடாது.)

இரண்டாம் வாசிப்பு பென்சிலோடு. இப்போது ‘எனக்கு என்ன சொல்கிறார்’ என்ற கேள்விக்கு இடமில்லை. என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும். மீனைப் பற்றிய வசனங்களை எண்ணச் சொல்லுங்கள்: 1:17, 2:1, 2:10. 48இல் மூன்றே மூன்று. யார் யார் தேவனுக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். காற்று கீழ்ப்படிகிறது, மீன் கீழ்ப்படிகிறது, ஆமணக்குச் செடி கீழ்ப்படிகிறது, அதை அரிக்கிற பூச்சிகூடக் கீழ்ப்படிகிறது. புறஜாதி (இஸ்ரவேலர் அல்லாத) மாலுமிகள் ஜெபிக்கிறார்கள், நினிவே உபவாசம் இருக்கிறது. முரண்டு பிடிப்பவன் தீர்க்கதரிசி ஒருவன்தான். அவன் எங்கே சந்தோஷப்படுகிறான் என்று தேடினால் ஒரே இடத்தில் அகப்படும், 4:6. அதுவும் தலைக்கு நிழல் கொடுத்த செடிக்காக.

இந்த நிலை வந்த பிறகுதான் ‘ஏன்’. யோனா ஓடியதற்குக் காரணம் பயம் என்றுதான் பலரும் வைத்திருப்பார்கள். காரணத்தை அவனே 4:2இல் சொல்கிறான்: நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் உள்ள தேவன் என்று அறிவேன், அதனால்தான் ஓடினேன் என்கிறான். யாத்திராகமம் 34:6இல் துதியாக இருக்கிற வார்த்தைகளை இங்கே குற்றச்சாட்டாகத் திருப்பி வீசுகிறான். நினிவே அசீரியரின் நகரம். இஸ்ரவேலின் வட ராஜ்யத்துக்குத் தலைநகரான சமாரியாவை கி.மு. 722 வாக்கில் விழுங்கியது அதே அசீரியாதான். இதை மனதில் வைத்து வாசித்தால் யோனா கோமாளியாகத் தெரியமாட்டான். அவன் கோபத்தில் ஓரளவு நியாயம்கூடத் தெரியும். அப்படித் தெரியவேண்டும்.

புத்தகம் கேள்வியோடு முடிகிறது. இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ? யோனா சொன்ன பதில் எழுதப்படவில்லை. இந்த இடத்தில் மடித்துவைத்த தாளைப் பிரிக்கச் சொல்லுங்கள். ‘மீன், தண்டனை’ என்று எழுதிய கைக்கும் இந்தக் கேள்விக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்து, அதை மறைக்காமல் ஒத்துக்கொண்டால் மனது திறந்திருக்கிறது. ‘ஆமாம், அதைத்தான் நானும் சொன்னேன்’ என்று பூசி மெழுகினால் இன்னும் திறக்கவில்லை.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பங்கிடலாம்: ஜெபமும் துண்டுத் தாளும் 5 நிமிடம், இரண்டு வாசிப்பும் 20, பார்த்ததைச் சொல்வது 15, ‘ஏன்’ 10, பதில்செய்கை (வாசித்ததற்கு ஏற்ப என்ன செய்யப்போகிறோம் என்று எழுதுவது) 10. பெரும்பாலான குழுக்களில் இது தலைகீழாக இருக்கும். ஐந்து நிமிடம் வாசிப்பு, மீதி நேரம் முழுக்க ‘நமக்குப் பாடம்’. உங்களுக்கு வருகிற அந்த மூன்று பதில்களும் அங்கே பிறக்கின்றன. பார்க்காமல் சொல்கிற பாடம் எதற்கும் பொருந்தும்.

கடைசி 10 நிமிடத்தில் ‘அன்பாக இருப்பேன்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். ஆள் யார், செயல் என்ன, எந்த நாள்? மூன்றும் வேண்டும். பெயரைக் குழுவில் சொல்லத் தேவையில்லை, தாளில் எழுதினால் போதும். யாக்கோபு 1:22–25இல் கண்ணாடியில் முகம் பார்த்தவன் நன்றாகத்தான் பார்த்தான். போனவுடனே மறந்ததுதான் அவன் குறை.

---

வேர்ச்சொல் எழுதியது:

மேலே சொன்னதோடு மொழியையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிச்சயமான சொல்லைப்போல மனதை மூடுகிற கதவு வேறில்லை.

யோனாவையே எடுத்துக்கொள்வோம். எபிரெயத்தில் அவன் யோப்பாவுக்கு ‘இறங்கி’, கப்பலுக்குள் ‘இறங்கி’, கீழ்த்தட்டுக்கு ‘இறங்கி’, கடைசியில் மலைகளின் அடிவாரம் மட்டும் ‘இறங்குகிறான்’. ஒரே வினை, படிப்படியாகக் கீழே போகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் 1:3இல் யோப்பாவுக்குப் ‘போய்’, கப்பல் ‘ஏறினான்’. தமிழில் கப்பல் ஏறத்தான் முடியும், மொழிபெயர்த்தவர்கள்மேல் குற்றமில்லை. ஆனால் அந்தச் சறுக்கல் நம் கண்ணுக்குப் படாமல் போகிறது. இரண்டாவது மொழிபெயர்ப்பு ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது இதற்காகத்தான். ஒருவர் பரிசுத்த வேதாகமம் (மேலே சொன்ன பழைய மொழிபெயர்ப்பு), ஒருவர் திருவிவிலியம் (1995 பொது மொழிபெயர்ப்பு), ஆங்கிலம் வாசிப்பவர் யாராவது இருந்தால் அது. எட்டுப் பேரும் ஒரே பதிப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டாம். இரண்டும் வேறுபடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை.

வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யோவான் 5:39. பழைய மொழிபெயர்ப்பு ‘வேதவாக்கியங்களை ஆராய்ந்துபாருங்கள்’ என்று கட்டளையாக வைக்கிறது. திருவிவிலியம் அதையே ‘ஆய்ந்து பார்க்கிறீர்களே!’ என்ற தொனியில் வைக்கிறது. கிரேக்க வினை வடிவம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசித்தால் இரண்டாவது நன்றாகப் பொருந்துகிறது: ஆராய்கிறீர்கள், ஆனாலும் என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை. வேதபாடம் நடத்துகிறவர்கள் சுவரில் மாட்டிவைக்கிற வசனம், வேதபாடம் நடத்துகிறவர்களையே பார்த்துப் பேசுகிற வசனமாகிவிடுகிறது!

இன்னொன்று, பழைய சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றிவிடுவது. ‘எரிச்சலுள்ள தேவன்’ (யாத்திராகமம் 20:5) என்றால் இன்று காதில் விழுவது சிடுசிடுப்பு. அங்கே இருப்பது உடன்படிக்கை செய்த பந்தத்தில் இன்னொருவருக்கு இடம் கொடாத வைராக்கியம். ‘பரிதானம்’ என்பதை ஏதோ வெகுமதி என்று நினைத்துத் தாண்டிப்போகிறவர்கள் உண்டு, அது லஞ்சம். யாத்திராகமம் 23:8ஐ ‘லஞ்சம் வாங்காதே’ என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், அறையில் சத்தம் மாறும்.

தமிழ் நமக்குக் கொடுத்திருக்கிற வசதி ஒன்றும் உண்டு. ஒருமை, பன்மை இங்கே பளிச்சென்று தெரியும். லூக்கா 22:31–32இல் சாத்தான் ‘உங்களை’ப் புடைக்க உத்தரவு கேட்டான், நானோ ‘உனக்காக’ வேண்டிக்கொண்டேன். புடைக்கப்படப்போவது எல்லாச் சீஷர்களும். பெயர் சொல்லி ஜெபம் பேதுருவுக்கு. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே ‘நீ’யையும் ‘நீங்க’ளையும் வட்டம் போட்டு வாசிக்கிற பழக்கம் நல்லது. ‘உங்கள்’ என்று வருகிற இடத்தையெல்லாம் ‘உன்’ என்று தனக்கு மட்டும் எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை.

---

பத்து வசனம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ‘திறந்த இருதயம்’ என்ற சொல்மேல் எனக்கு ஒரு தயக்கம். ‘எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளது’ (வஞ்சகமுள்ளது) என்று எரேமியா 17:9 சொல்கிறது. கதவு திறந்திருந்தால் காற்றும் வரும், கழுதையும் வரும். அப்போஸ்தலர் 17:11இல், பவுல் பிரசங்கித்த வசனத்தைப் பெரோயா ஊரார் ‘மனோவாஞ்சையாய்’ (முழு ஆவலோடு) ஏற்றுக்கொண்டார்கள். அதே வசனத்தில் ‘காரியங்கள் இப்படியிருக்கிறதா’ என்று தினந்தோறும் ஆராய்ந்தும் பார்த்தார்கள். இரண்டையும் செய்ததற்குத்தான் நற்குணசாலிகள் என்ற பெயர். அவர்கள் சோதித்துப் பார்த்தது பவுலின் பேச்சை. ஆகவே கேள்வி கேட்பது அவிசுவாசமா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

மனதில் தோன்றியதெல்லாம் தேவன் பேசுவதா? இல்லை. வசனத்தைச் சொன்னாலே சரியாகிவிடாது. மத்தேயு 4:6இல் சோதனைக்காரன் (சாத்தான்) இயேசுவிடம் சங்கீதம் 91ஐ எடுத்துச் சொல்கிறான். ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற சொற்கள் மட்டும் அவன் வாயில் காணாமல் போகின்றன.

நான் வைத்திருக்கிற சோதனை எளியது. எந்த வசனமானாலும் முன்னே பத்து வசனம், பின்னே பத்து வசனம். யார் பேசுகிறார், யாரிடம், அடுத்து என்ன நடந்தது? வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வருகிற ‘உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்’ (யோபு 8:7) யார் சொன்னது? யோபுவின் சிநேகிதன் பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவனிடம், அவர்கள் பாவம் செய்ததால் போனார்கள் என்ற பொருளில் 8:4இல் பேசிவிட்டு, மூன்று வசனம் தாண்டி இதைச் சொல்கிறான். பில்தாதும் மற்ற சிநேகிதரும் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே 42:7இல் சொல்லிவிட்டார். யோபுவின் முடிவு சம்பூரணமானது உண்மைதான். ஆனால் பில்தாத் போட்ட கணக்குப்படி அல்ல.

எரேமியா 29:11ம் அப்படியே. ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ மட்டும் சட்டம் போட்டு மாட்டப்படுகிறது. அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு அனுப்பிய கடிதம். முந்தின அதிகாரத்தில் தீர்க்கதரிசி அனனியா இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கப் பார்க்கிறான். எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பி வரும் நாளைப் பார்த்திருக்கமாட்டார்கள். நம்பிக்கை இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எவ்வளவு நீளமான நம்பிக்கை என்று தெரியாமல் எடுத்துக்கொண்டால் மூன்றாம் மாதத்தில் மனது உடையும். உடைந்தவுடன் பழி வேதத்தின்மேல் விழும்.

நூலின் வகையையும் பாருங்கள். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது, 26:5 கொடு என்கிறது. அடுத்தடுத்த வசனம், தொகுத்தவருக்குத் தெரியாமல் நடந்ததல்ல. நீதிமொழி என்பது சமயம் அறிந்து எடுக்கவேண்டிய புத்தி. சட்டப்பிரிவுபோல வாசித்தால் இடிக்கும். சங்கீதத்தில் கோபமும் சாபமும் வந்தால் உடனே துடைத்துவிடவும் வேண்டாம், உடனே கட்டளையாக எடுக்கவும் வேண்டாம். அது மனுஷன் தேவனிடத்தில் கொட்டியது.

---

உப்புக்கல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. துண்டுத் தாள் யோசனை உடனே செய்யக்கூடியது. இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, விளக்கவுரையை எப்போது எடுப்பது? சிலர் ஓரக்குறிப்புள்ள பதிப்பைத்தான் கொண்டுவருகிறார்கள். கேள்வி கேட்டவுடன் கண் கீழே போய்விடுகிறது. இரண்டு, குழுவில் ஒருவருக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். அவர் பேசியபின் யாரும் வாய் திறப்பதில்லை.

---

மெழுகுவத்தி எழுதியது:

தம்பி, இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அதுதான் குழுவைக் கொல்வது. பதில் தெரிந்தவரைக் குறிப்பெடுப்பவராக்குங்கள். மற்றவர்கள் பார்த்ததை அவர்கள் வார்த்தையிலேயே எழுதவேண்டும். கடைசியில் படித்துக் காட்டவேண்டும். கை எழுதும்போது வாய் ஓயும். அதோடு, கேட்டதைத் திருத்தாமல் எழுதிப் பழகுவதே அவருக்கு ஒரு பாடம். அவமானப்படுத்துவதாக இருக்கக் கூடாது, மரியாதையாகவே கேளுங்கள்.

பிறகு இரண்டு சட்டம். எந்தப் பதிலும் வசன எண்ணைக் காட்டவேண்டும். முதல் அரைமணி நேரம் ‘எங்கள் போதகர் சொன்னார்’ கிடையாது. போதகர் தவறாகச் சொன்னார் என்பதற்காக அல்ல. அவர் கண்டதை நாமும் கண்டோமா என்று தெரிய வேறு வழியில்லை. நடத்துகிறவருக்கும் ஒரு சட்டம் உண்டு: கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லக் கூடாது. மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். ஐந்தாவது எண்ணுக்கே அமைதி தாங்காமல் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேசாத ஆள் ஏழாவதில் தொண்டையைக் கனைப்பார். லூக்கா 10:26ஐப் பாருங்கள். நித்தியஜீவனைப் பற்றிக் கேட்ட நியாயசாஸ்திரியிடம் (வேதச் சட்டம் கற்றவனிடம்) இயேசு, ‘நியாயப்பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது? நீ வாசித்திருக்கிறது என்ன?’ என்று திருப்பிக் கேட்டார். அவன் சரியான பதிலைச் சொன்னான். முழு மதிப்பெண்தான். அடுத்து 29ஆம் வசனத்தில் ‘தன்னை நீதிமானென்று காண்பிக்க மனதாய்’ இன்னொரு கேள்வியைப் போட்டான். கேள்வியில் தப்பில்லை, அதைக் கேட்ட மனதைப் பாருங்கள். அதனால் கேள்வி கேட்கிறவரைத் தடுக்காதீர்கள். இதற்குப் பதில் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள்.

விளக்கவுரை: வேண்டும், ஆனால் கடைசியில். முதல் அரைமணிக்குப் பகுதியை மட்டும் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள், குறிப்பில்லாமல், வரிகளுக்கு நடுவில் நல்ல இடைவெளி விட்டு. கைபேசியும் பையில் போய்விடும், பென்சிலுக்கும் இடம் கிடைக்கும். அதன்பின் எடுக்கும்போதும் ஒன்றல்ல, இரண்டு விளக்கவுரை, முடிந்தால் வேறு வேறு சபைப் பின்னணியில் எழுதப்பட்டவை. ஒன்றே ஒன்று இருந்தால் அது இரண்டாவது வேதமாகிவிடும். நாமே கண்டது யாரும் காணாத புதுமையாக இருந்தால் சந்தோஷப்படுவதற்குமுன் சந்தேகப்படுங்கள்.

தனியே வாசிக்கிறவர்களுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், ஆழ்ந்திருத்தல் என்று நாலு படியாக எழுதிவைத்தார். ஐந்தாறு வசனம் போதும். ஆனால் அது படிப்புக்குப் பதில் அல்ல. யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரியாத பகுதியை ஆழ்ந்து தியானித்தால், நம் எண்ணத்தையே ஆழ்ந்து தியானித்ததாகும்.

குழுவில் ஒளிந்திருக்கிற கண்ணி ஒன்று. லூக்கா 18இல், மற்றவர்களைப்போல நான் இல்லை என்று நன்றி சொன்ன பரிசேயனும், நான் பாவி என்று ஒத்துக்கொண்ட ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஜெபித்ததை வாசித்து முடித்ததும் ‘நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப்போல இல்லை’ என்று மனது சொல்லும். சொன்ன அந்த நொடியே பரிசேயனின் ஜெபம் நம் வாயில்! மூன்று மாதமாக வாசித்த கண்டனமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கே பொருந்தி வந்திருந்தால் புத்தகத்தை மாற்றவேண்டாம். நாற்காலியை மாற்றிப் போடுங்கள்.

---

உப்புக்கல் எழுதியது:

நாற்காலி என்றதும் கேட்கிறேன் அக்கா, யோனாவுக்கு அடுத்து எதை எடுக்கலாம்? மனது திறக்காத நாளில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

---

பெரோயா வாசகர் எழுதியது:

அக்கா வருமுன் நான் சொல்லிவிடுகிறேன். திறக்காத நாளில் திறந்ததுபோல நடிக்கவேண்டாம். சங்கீதம் 119க்கு 176 வசனம், எபிரெய எழுத்து 22க்கும் எட்டெட்டு வசனமாக ஒருவர் வேதத்தைப் புகழ்ந்தே கட்டியிருக்கிறார். அவரே 18ஆம் வசனத்தில் ‘என் கண்களைத் திறந்தருளும்’ என்று கேட்கிறார். எம்மாவு வழியிலும் (லூக்கா 24) இயேசு வேதத்தை விளக்குவதைச் சீஷர்கள் வழிநெடுகக் கேட்டார்கள், கண் திறந்தது பந்தியில். அன்றைக்கு உரிய பகுதியைப் பென்சிலோடு பார்த்துக் குறித்துவைத்துவிட்டு எழுந்திருங்கள். வராத உருக்கத்தை வரவழைக்காதீர்கள். குறிப்பு அடுத்த நாளும் அங்கேயே இருக்கும்.

---

மெழுகுவத்தி எழுதியது:

அடுத்தது பிலேமோன்: அடிமை ஒநேசிமுவைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்படி எஜமான் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதம். 25 வசனம், ஒரே அதிகாரம். அறையில் மூன்று நாற்காலி போடுங்கள்: பவுல், பிலேமோன், ஒநேசிமு. நாலாவதாகச் சுவரோரம் ஒரு பாய். 2ஆம் வசனத்தின்படி கடிதம் பிலேமோன் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்துத்தான், ஆகவே எல்லார் முன்னாலும் வாசிக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் எந்த இடத்தில் உட்கார விருப்பமில்லையோ அதில் முதலில் உட்கார்ந்து 8 முதல் 21 வரை கேட்கட்டும். 11ஆம் வசனத்தில் ‘பிரயோஜனமில்லாதவன், பிரயோஜனமுள்ளவன்’ என்று வருவதை விடாதீர்கள். ஒநேசிமு என்ற பெயருக்கே பிரயோஜனமுள்ளவன் என்றுதான் பொருள். 18இல் கடன் யார் கணக்கில் போகிறது என்று பாருங்கள். பிலேமோன் என்ன செய்தான் என்று கடிதத்தில் இல்லை, யோனாவின் பதில் இல்லாததைப்போலவே. ‘மன்னித்திருப்பான்’ என்று யாராவது அவசரமாக முடித்துவைக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அந்த வாரம் அவர்தான் பிலேமோன் நாற்காலியில் உட்காரவேண்டும்.